மாதப்பன் கொடுத்த பலி

ஜோதிமணிக்கு நல்லவளாக இருக்க வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் கிடைத்தது. மற்ற ஆறு நாளும் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் லைன் லீடர். இருபத்தெட்டுப் பெண்களை விரட்டுவதுதான் வேலை. பாத்ரூம் போனவளிடம் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டு, காய்ச்சலோடு வந்தவளை மெஷினில் உட்கார வைத்து, சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் தன் குரலே தனக்குப் பிடிக்காமல் போய்விடும்.

ஞாயிறு மத்தியானம் மட்டும் அவள் மாதப்பன்.

மாதப்பன் ஒரு மந்திரவாதி. ஹரீஷ்குமாரின் மாடி ரூமில் நாலு பேர் பாயில் உட்கார்ந்து, பேப்பரும் பகடையும் வைத்து ஆடும் கதை விளையாட்டில் ஜோதிமணி உண்டாக்கிய ஆள். கதையை நடத்துவது ஹரீஷ். ராஜா, பேய், ஆடு, மாடு எல்லாவற்றுக்கும் அவன்தான் குரல். மாதப்பனின் மந்திரம் சொந்தச் சரக்கு இல்லை, கருங்கொம்பன் என்ற அரக்கனோடு ஒப்பந்தம் போட்டு வாங்கியது.

"அரக்கங்கிட்ட சக்தி வாங்கினவன் நல்லவனா இருக்க முடியாது ஜோதி. நாலு வாரம் தாங்க மாட்டான்" என்று முதல் நாளே சொன்னான் ஹரீஷ்.

"தாங்குவான். நீ எழுதிக்க."

அந்த மகராசனும் பதினாறு வாரம் தாங்கினான். நெருப்பை வரவழைத்தால் ஊர்ச்சனம் குளிர் காய்வதற்கு, இடியை வரவழைத்தால் கோஸ் தோட்டத்துக்கு மழை பெய்வதற்கு. கசாப்புக்குப் போகவிருந்த புஜ்ஜி என்ற ஆட்டுக்குட்டியைச் சந்தையில் மீட்டுத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தான். அரக்கனிடம் சக்தி வாங்கியவன் செய்கிற வேலையா இது!

இந்த ஞாயிற்றுக்கிழமை வினை வந்தது. ஹரீஷ் தொண்டையைக் கனைத்தான். கருங்கொம்பனுக்கு அவசரம் வந்தால் கன்னடமும் வரும்.

"ஏய் மாதப்பா! ஒப்பந்தப்படி எனக்கு ஒரு உயிர் குடுக்கணும். பொழுது சாயறதுக்குள்ள அந்தப் புஜ்ஜிய வெட்டு. இல்லன்னா நீ சாம்பல். பேக, பேக! சீக்கிரம்!" பிறகு சொந்தக் குரலில், "சாம்பலானா மாதப்பன எழுதி வச்ச பேப்பரக் கிழிச்சிருவேன் ஜோதி. வேற ஆள உண்டாக்கிக்க" என்றான்.

"வெட்டிட்டுப் போக்கா. பேப்பர் ஆடுதானே" என்றாள் திருடி வேஷத்தில் இருந்த மேகலா.

ஜோதிமணிக்கு அழுகை வந்துவிட்டது. சிரிக்க வேண்டாம், நிஜமாகவே வந்தது. வெட்டினால் மாதப்பன் கெட்டான், வெட்டாவிட்டால் செத்தான். ஞாயிற்றுக்கிழமையும் போனால் அவளுக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

மூக்கை உறிஞ்சினாள். "சரி, பலி குடுக்கறேன். ஆனா முறைப்படி குடுப்பேன். தண்ணி தெளிச்சு உத்தரவு கேக்கணும்."

பலி ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது தலையை உதறித் துலுக்கினால் சம்மதம் என்று அர்த்தம். துலுக்கும்வரை கத்தியைத் தொடக்கூடாது, எத்தனை மணியானாலும் ஊரே நிற்க வேண்டியதுதான்.

"அரக்கனுக்கு ஏது முறை?" என்று சீறினான் ஹரீஷ்.

பர்கூர் கல்குவாரியில் கிரேன் ஓட்டுகிற விஜயகுமார்தான் கூட்டத்தில் போர்வீரன். பசி தாங்காத வீரன். "ஏன்டா, போன வருசம் உங்கூர்ப் பண்டிகைல ஆடு துலுக்கலன்னு மூணு மணி வரைக்கும் எனக்குச் சோறு போடலயே! அப்ப மட்டும் முறையா?"

ஹரீஷ் பகடையைக் கீழே வைத்தான். "சரி, தெளிச்சுத் தொல."

ஆட்டுக்கும் குரல் அவன்தானே? ஜோதிமணி வேகத்தில் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவன் தலையிலேயே பாதியைக் கவிழ்த்தாள்.

"அய்யய்யோ!" கருங்கொம்பன் குரல் கர்ஜித்தது. "இந்தக் கருங்கொம்பன்கிட்டயே வெளயாட்டா? ஒத்துக்க மாட்டேன்! முடியாது! முடியவே முடியாது!" ஈரத் தலை இப்படியும் அப்படியும் ஆடியதில் மேகலாவின் கண்ணாடியெல்லாம் தண்ணீர்.

மேகலா கண்ணாடியைத் துடைத்தாள். "இப்பத் தலயாட்டினது ஆடா, அரக்கனா?"

"அரக்கன்தான்" என்றான் ஹரீஷ், முகத்தைத் துடைத்துக்கொண்டே.



"துலுக்கிட்டான்டா!" என்று விஜயகுமார் துள்ளி எழுந்தான். "அரக்கனே உத்தரவு குடுத்துட்டான், அப்ப அவன்தான் பலி! தூக்குடி ஜோதி கத்திய!"

ஹரீஷுக்கு முகம் செத்துவிட்டது. பண்டிகை வைக்கிற வீட்டுப் பிள்ளை, இல்லை என்று எப்படிச் சொல்வான்? "பதினாறு வாரமா வளத்த அரக்கன்..." என்று முனகினான்.

ஜோதிமணி பேனாவைக் கத்தி மாதிரி ஓங்கினாள். அவன் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டான். பேனா அப்படியே நின்றது.

"வெட்டல. நேந்து விடறேன். கோயில் மாடு மாதிரி திரியட்டும். ஒரு உயிர் குடுத்தாச்சு, ஒப்பந்தம் தீந்துது."

"வெட்டலயா?" விஜயகுமாருக்குத் தாங்கவில்லை.

"ஆறு நாளும் லைன்ல எல்லாரையும் கடிச்சுக் கொதர்றேன்டா. ஏழாவது நாளும் வெட்டணுமா?"

ஹரீஷ் தலையைத் துவட்டிக்கொண்டு மாதப்பனின் பேப்பரை எடுத்தான். கூட வருபவர்கள் என்ற இடத்தில் 'புஜ்ஜி' என்று மட்டும் இருந்தது. அதற்குக் கீழே 'கருங்கொம்பன்' என்று எழுதி, "இவனையும் நீதான் மேய்க்கணும்" என்று அவளிடம் நீட்டினான்.