ஹனீபா சொன்ன பாங்கு

கம்பத்தில் ஷானவாஸ் கல்யாண வீடியோவும் ஒலிப்பதிவுமாக ஒரு கடை வைத்திருந்தான். 2009-இல் அவனுடைய பழைய கம்ப்யூட்டர் புகைந்துபோயிற்று. ஒலிப்பதிவு சாஃப்ட்வேரோ, பழைய விண்டோஸை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிற ரகம். ஆகவே புதிதாக வாங்கிய லினக்ஸ் கம்ப்யூட்டருக்குள்ளேயே, பழைய விண்டோஸை இன்னொரு கம்ப்யூட்டர் போல அப்படியே குடிவைத்தான். உள்ளே இருப்பதற்குச் சொந்த டிஸ்க் கிடையாது. வெளியே இருப்பது டிஸ்க் மாதிரி நடித்துக் காட்டும். நடிப்பு அச்சு அசலாக இருக்க வேண்டுமென்றால் வேகம் ஆமைதான்.

இதற்கும் வழி இருந்தது. பாராவிர்ச்சுவல் என்பார்கள். உள்ளே டிரைவர் என்கிற ஒரு சின்ன சாஃப்ட்வேரைப் போட்டுவிட்டால், இது அசல் டிஸ்க் இல்லை என்று அதற்குத் தெரிந்துவிடும். எழுத வேண்டியதை வரிசையில் வைத்தால் போதும். வெளியே இருப்பது எடுத்து எழுதிக்கொண்டு, முடிந்தது என்று பதில் சொல்லும். ஷானவாஸுக்கு அந்த வேகமும் பத்தவில்லை. டிஸ்கில் எழுதும் முன்பே, கைக்கு வந்தவுடன் முடிந்தது என்று சொல்லும்படி மாற்றிவைத்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அவனுக்குச் சொல்ல ஆளில்லை.

அவனுடைய அத்தா ஹனீபா திராட்சை வியாபாரி. அவருக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். மகள் யாஸ்மினுக்கு அப்போது ஏழு மாதம். பிறக்கிற பிள்ளையின் காதில், தொழுகைக்கு அழைக்கிற அந்தப் பாங்கைத் தான்தான் சொல்வேன் என்று அவள் கல்யாணத்தன்றே சொல்லிவைத்திருந்தவர் அவர்.

"மொறைக்குப் பள்ளிவாச அஜரத்து சொல்லட்டும்லே. எங் கொரலும் ஒரு தடவ அந்தப் பிள்ள காதுல விழணும். பதிஞ்சு வையி" என்றார் மகனிடம்.

மதுரைக்குப் புறப்படுகிற அன்று காலை கடைக்கு வந்தார். யு.பி.எஸ். இரைகிற சத்தம் பதிவில் விழுமே என்று ஷானவாஸ் அதைக் கழற்றிவிட்டான். கரண்ட் வெட்டு இரண்டு மணிக்குத்தானே! மாதம் பிறந்தால் வெட்டு நேரம் மாறும் என்பது கம்பத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அன்று ஒன்றாம் தேதி. அத்தாவின் தொண்டையையே நினைத்துக்கொண்டிருந்தவனுக்குத் தேதி எங்கே நினைவிருக்கும்?

இரண்டு தடவை இருமல் கெடுத்தது. மூன்றாம் தடவை, குரல் உடைந்தும் விடாமல் முழுப் பாங்கையும் முடித்தார். சேவ் கொடுத்தான். சேவ் ஆகிவிட்டது என்று திரை சொன்னது. அடுத்த நொடி கரண்ட் போனது. மணி பன்னிரண்டு.

"பதிஞ்சிருச்சாலே?"

"பதிஞ்சிருச்சுத்தா. ஸ்க்ரீன்லயே சொல்லிருச்சு."

வாசலில் கார் நின்றது. தொண்டையை அலட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மதுரை வரை அவர் வாய் திறக்கவில்லை. மறுநாள் ஆபரேஷன்.

பத்து நாள் கழித்துத்தான் ஷானவாஸ் கடையைத் திறந்தான். பதிவின் பெயர் இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. உள்ளே இருந்த கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. வெளியே இருந்தது சொன்னதை நம்பியது. வெளியே இருந்ததும் இவன் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னது; டிஸ்கில் எழுதுமுன் கரண்ட் போய்விட்டது. யாரை நோவது? தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

அத்தாவைப் பார்க்கப் போனபோது, அவர் காதைத் தொட்டுக் காட்டி, பத்திரமா என்று கையால் கேட்டார். பத்திரம் என்று தலையாட்டிவிட்டான். அந்தப் பாவத்துக்கு எந்தக் கம்ப்யூட்டரின் மீதும் பழி போட முடியாது.

யாஸ்மினுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. அஜரத் வந்து முறைப்படி பாங்கு சொல்லிவிட்டுப் போனார்.

"அஜரத்து சொல்லிட்டாக. அத்தா கொரலப் போடுண்ணே" என்றாள் யாஸ்மின், கட்டிலில் இருந்தபடி.

ஷானவாஸ் நகரவில்லை. பதிவு அதில்தான் இருக்கும் என்று ஹனீபாவே அவன் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். பிள்ளையின் வலது காதருகே பிடித்துக்கொண்டு, அழுத்து என்று ஜாடை காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"அத்தா... அது பதியல அத்தா. அன்னைக்கே போயிருச்சு."

ஹனீபா போனை உடனே எடுத்துவிடவில்லை. பிறகு அதை மகன் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தார். பேரனின் காதில் வாயை வைத்தார். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. ஆபரேஷனில் மூச்சு விடக் கழுத்தில் போட்ட ஓட்டையை மூடியிருந்த வெள்ளைத் துணி மட்டும் ஒவ்வொரு அல்லாஹு அக்பருக்கும் லேசாக எழுந்து தணிந்தது.

முதலில் வருகிற நான்கு தடவையையும் ஷானவாஸ் எண்ணினான். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.