பாலத்துக் காவலன்

நிரந்தர குமாஸ்தா வேலையை உதறிவிட்டு இரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் விளையாட்டு எழுதிக்கொண்டிருந்தான் ஜெபசீலன். புத்தி கெட்டவன் என்று கிழக்குத் தாம்பரத்தில் சொல்லாத வாய் இல்லை. இன்று அது விலை போகாவிட்டால் திங்கட்கிழமை முதல் கேளம்பாக்கத்தில் மாமனாரின் சிமெண்ட் கடையில் உட்கார வேண்டும். மனைவி பேபிக்கு அவன் கொடுத்திருந்த வாக்கு அது.

ராஜா ராணி, மந்திரவாதி என்று போகும் விளையாட்டு. சண்டைகளைக் கூட்டாளி சௌகத் அலி எழுதினான். எங்கே நின்றால் அம்பு படாது, எவனை முன்னால் நிறுத்துவது என்று எல்லாம் வியூகம். ஜெபசீலன் எழுதியது பேச்சு. யாரை வேண்டுமானாலும் நிறுத்திப் பேசலாம், கெஞ்சலாம், ஏமாற்றலாம், ஒருவனையும் வெட்டாமல் கோட்டைக்குள் போய்விடலாம்.

பம்பாய் கம்பெனிக்காரர் ஸ்ரீரங்கன் விமானம் ஏறப் போகும் வழியில், பல்லாவரம் ஓட்டலில் அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார். விளையாட்டை ஒரே ஃபிளாப்பி டிஸ்கில் கொண்டு வரவேண்டும் என்றார். சண்டையும் பேச்சும் சேர்ந்து அதில் அடங்கித் தொலைக்கவில்லை.

“சண்டை இல்லாத கேமை எவன் வாங்குவான் மச்சான்? பேச்சைத் தூக்கிடு,” என்றான் சௌகத்.

ஜெபசீலனுக்கு அது இரண்டு வருஷ உழைப்பு. ஆனால் சிமெண்ட் கடை பயம் யாரை விட்டது? தன் கையாலேயே தூக்கினான்.

ஸ்ரீரங்கன் தன் லேப்டாப்பில் இரண்டு சண்டைகளை மளமளவென்று ஜெயித்தார். கோட்டைப் பாலத்துக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டார்.

“இந்தக் காவலன் பாவமா நிக்கறான். இவன்கிட்ட பேச முடியாதா?”

சௌகத் தலையைக் குனிந்துகொண்டான். ஜெபசீலன் எழுந்து லேப்டாப்புக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

“நான்தான் சார் அவன். கேளுங்க.”

அவர் சிரித்துக்கொண்டே வழி விடச் சொன்னார். நாலு மாசமாகச் சம்பளம் இல்லை, ராஜாவிடம் சொல்வீர்களா என்று கேட்டான் ஜெபசீலன். அவர் பொய்ச் சத்தியம் செய்தார், அவன் கண்டுபிடித்தான். எழுதியதெல்லாம் அவனுக்கு மனப்பாடம், கொட்டித் தீர்த்தான். பக்கத்து மேஜைக்காரர்கள் காப்பியை மறந்து பார்த்தார்கள். கடைசியில் குரல் உடைந்தது, அது மட்டும் எழுதாதது.

டாக்ஸி வந்துவிட்டது. பேச்செல்லாம் வீட்டு மெஷினில் இருக்கிறது, ஒரு மணி நேரம் கொடுங்கள் சார் என்று கும்பிட்டான். முடிவு இன்றைக்கே பம்பாயில், கையில் இருப்பதை வைத்துத்தான் என்றார் அவர். சண்டை மட்டுமென்றால் அவரிடம் ஏற்கெனவே நாலு விளையாட்டு இருந்தது.

போகும்போது அவன் தோளைப் பிடித்தார்.

“பிரமாதமா பண்றீங்க. ஆனா ஒவ்வொரு டிஸ்கோடவும் உங்களை வச்சு அனுப்ப முடியாதே, ஜெபசீலன்.”