வீட்டுச் சரி

கண்ணாடிக்கடைக்காரருக்கு அன்றைக்கு அது மூன்றாவது ஆட்டம். காலையிலிருந்து பந்து பிடிக்கிற கேட்சரின் முதுகுக்குப் பின்னால் குந்திக் குந்தி எழுந்ததில் முழங்கால்கள் இரண்டும் தனித்தனியாக முனகின. சாஃப்ட்பால் ஆட்டத்துக்கு அம்பயர் என்றால் பந்தைப் பார்த்து அவுட், சேஃப் என்று சொல்வதுதான் வேலை என்று நம்பி ஒப்புக்கொண்டவர் அவர். முதல் ஆட்டத்தில் இரண்டு அணியும் ஒரே நீலச் சட்டையில் வந்து நின்றன. ஓர் அணியைச் சட்டையைத் திருப்பிப் போட வைப்பதற்குள் பாதித் தெம்பு போயிற்று. இரண்டாவது ஆட்டத்தில் ஒரு நாய் பந்தைக் கவ்விக்கொண்டு ஓடிவிட, அதற்கு எத்தனை பேஸ் கொடுப்பது என்று இரு தரப்பும் அவரைப் பிய்த்துத் தின்றன.

"கண்ணாடிக்காரரே, உங்க கடையிலேயே ஒண்ணு வாங்கி மாட்டிக்கக் கூடாதா?" என்று வேலியோரத்திலிருந்து யாரோ கத்தியபோது காலையில் அவரும் சேர்ந்து சிரித்தார். மத்தியானத்துக்கு மேல் சிரிக்கவும் தெம்பில்லை.

மூன்றாவது ஆட்டத்துக்கு வரவேண்டிய அம்பயருக்குக் காலில் சுளுக்கு. போட்டியை நடத்தும் இரும்புக்கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"சார், இதையும் நீங்களே பார்த்துடுங்க."

"இது என் வீட்டுக்காரி ஆடற டீமுங்க. நான் எப்படி நிக்கறது?"

"வேற ஆள் யாரு இருக்கா, சொல்லுங்க?"

எதிரணி தையல்கடைப் பெண்கள். அவர்களுடைய கேட்சர்தான் தலைவி; வாய் கத்தரிக்கோல் மாதிரி. "நிக்கட்டும் விடுங்கண்ணே. வீட்டுலயே அவரு பேச்சு எடுபடாதுன்னு கேள்வி. இங்க மட்டும் எடுபட்டுடப் போகுதா?" என்றாள்.

"சரி," என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

இந்தச் சரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கடையில் பொழுதெல்லாம் வருகிறவர் மூக்கில் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்பது அவர் பிழைப்பு. எதைச் சொன்னாலும் சரி என்பார். வீட்டுக்கு வந்த பிறகும் வாய் அதே தடத்தில் ஓடும். சமையலறைக் குழாய் ஒழுகுது என்றால் சரி. உங்க அக்கா போனில் என்னைக் குத்திப் பேசினாங்க என்றாலும் சரி.

"காதுல வாங்கிட்டுச் சொல்றீங்களா, வாங்காம இருக்கறதுக்காகச் சொல்றீங்களா?" என்று மனைவி கேட்பாள். அதற்கும் சரிதான்.

மனைவிக்கு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அந்தக் கூடத்துப் பெண்கள் ஆண்டுதோறும் ஆசையாக வந்து, ஆண்டுதோறும் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டுகிறவர்கள். இந்த முறை ஒரு ஆட்டத்தில் ஜெயித்திருந்தார்கள். இது சமமாக முடிந்தாலே இறுதி ஆட்டத்துக்குப் போய்விடலாம். அவளுக்கோ முட்டி தேய்ந்துவிட்டது. இந்த வருஷத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார் டாக்டர். "ஒரே ஒரு ஃபைனல் ஆடிட்டு விட்டுடறேன். அதுக்கப்புறம் ஓடச் சொன்னாலும் ஓட மாட்டேன்" என்று காலையில் முட்டிக்குப் பட்டை சுற்றும்போதுகூடச் சொன்னாள்.

கடைசி இன்னிங்ஸ். ஒரு ரன் குறைவு. இரண்டு பேர் அவுட்; இன்னொருத்தி போனால் ஆட்டமே முடிந்தது. இரண்டாவது பேஸில் மனைவி. மட்டையில் பட்ட பந்து வெளிக்களத்துக்குப் பறந்ததும் அவள் கிளம்பினாள். மூன்றாவது பேஸைத் தாண்டி, மூச்சு வாங்க, நொண்டியும் ஓடியுமாக அவரை நோக்கித்தான் வந்தாள். பந்தும் வந்தது. தையல்கடைத் தலைவி அதைப் பிடித்துத் திரும்பவும், இவள் சறுக்கி விழவும் புழுதி எழும்பியது.

அவர் பார்த்தார். பந்தை வைத்திருந்த கையுறை அவள் முட்டியில் பட்டபோது அவள் காலுக்கும், தொட்டால்தான் ரன் என்கிற ஹோம் பிளேட்டுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. துடைத்த வில்லையில் பார்த்த மாதிரி தெளிவு.

"தொட்டுட்டேங்க!" என்று மனைவி கீழே கிடந்தபடியே கத்தினாள்.

"சரி," என்றார்.

அவ்வளவுதான். பரிசோதனைக் கூடம் முழுக்க மைதானத்துக்குள் பாய்ந்து வந்து அவளைத் தூக்கி நிறுத்திக் கட்டிப்பிடித்தது. தையல்கடைத் தலைவி முகக்கவசத்தைக் கழற்றித் தரையில் அறைந்தாள்.

"என்ன சார் சரி? புருஷன் பொண்டாட்டி பேசி முடிவு பண்றதுக்கு இது என்ன உங்க வீட்டு அடுப்படியா?"

"நான் இன்னும் கையே காட்டலம்மா."

"வாயைத் திறந்து சரின்னீங்களே!"

"அது..." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அது வீட்டுல சொல்ற சரி."

வேலியோரம் வெடித்துச் சிரித்தது. மனைவி மட்டும் சிரிக்கவில்லை. தோழிகளின் தோள்களுக்கு நடுவிலிருந்து அவரையே பார்த்தாள். அவருக்கு எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. விரல்களை மடக்கி, வலது கையை மெதுவாக உயர்த்தினார்.

"அவுட்."

அதன் பிறகு கேட்ட வசவுகளில் பாதி அவர் குலத்தையும் மீதி அவர் கண்ணையும் பற்றியவை. ரத்தம் எடுக்கும் பெண்ணொருத்தி, "அண்ணே, டெஸ்ட்டுக்கு எங்ககிட்டத்தான் வரணும், ஞாபகம் வச்சுக்குங்க. மொக்கை ஊசியா எடுத்து வைக்கறேன்" என்றாள். "சரி" என்று சொல்லப்போய் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

காரில் ஏறிக் கிளம்பினார்கள். மனைவி முட்டியில் ஐஸ் பையை அழுத்தியபடி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு விளக்கில் வண்டி நின்றது.

"என்னங்க."

"ம்."

"முட்டியில பட்டது எனக்கும் தெரியும்."

அவர் திரும்பிப் பார்த்தார். "அப்புறம் எதுக்குத் தொட்டுட்டேன்னு கத்தினே?"

"நீங்க சரின்னுடுவீங்கன்னுதான்."

அந்த ஒற்றைச் சொல் அவர் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டார். பச்சை விழுந்தது கண்ணிலும், பின்னாலிருந்து ஹாரன் அலறியது காதிலும் ஏறவில்லை.

"அந்தக் குழாய்," என்றார் கடைசியில், "எந்தப் பக்கம் ஒழுகுது?"

"போங்க. முதல்ல வண்டியை எடுங்க," என்றாள்.