லிஃப்டுக்குக் கீழே

எட்டாவது மாடிக்கும் மேலே, மோட்டார் அறையில் உட்கார்ந்துகொண்டு, லிஃப்ட் மெக்கானிக் அந்தக் குரல் பதிவைத் தன் மனைவிக்குத்தான் அனுப்பினார். போய் விழுந்தது குடும்ப வாட்ஸ்அப் குழுவில். கிரீஸ் விரல் எந்தப் பெயர்மேல் வழுக்கியது என்று பார்க்காதது அவர் தப்புதான். ஒரு நிமிடம் இருபது நொடி. வெளிநாட்டில் வீடு வாங்கி மொட்டையடிக்கப்பட்டவர்களின் கதைகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திச் சேர்த்திருந்தார்: "அந்த புரோக்கர் நம்ம மாப்பிள்ளையோட சிநேகிதனாம். சும்மாவா இவ்வளவு புகழ்றாரு? அவருக்கும் ஒரு பங்கு இருக்கும், எழுதி வெச்சுக்க."

பதறி அழிப்பதற்குள் மாப்பிள்ளை கேட்டுவிட்டார். அவர் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது உளறித் தப்பித்திருக்கலாம். மகள்தான் கூப்பிட்டாள். "அழிச்சுட்டா, கேட்டது கேக்காததா ஆயிடுமாப்பா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டாள். மனைவி அன்று சாப்பாடு போட்டாள். ஆனால் தட்டை வைத்த சத்தத்தில் எல்லாம் இருந்தது.

அவளுக்குத்தான் அந்த வெளிநாட்டு வீடு. மகள் இருக்கும் ஊரில், மகள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடி. ஜன்னலில் நின்றால் பேத்தியின் பள்ளிக்கூட வாசல் தெரியும் என்று புரோக்கர் வீடியோ அழைப்பில் காட்டியிருந்தான். முப்பத்தோரு வருடம் நர்ஸாக நின்று கால் வீங்கிச் சேர்த்த ஓய்வுப் பணம் மொத்தமும் அதில் போகும். அந்த ஜன்னலை அவள் எத்தனை தடவை பார்த்தாள் என்பதற்குக் கணக்கில்லை. ஏமாந்துபோனால் மறுபடி நிற்பதற்கு அவளிடம் இன்னொரு முப்பத்தோரு வருடம் இல்லை.

யாரைக் கேட்பது? புரோக்கர், ஒரு வக்கீலைக் கேளுங்கள் என்றான். வக்கீலை அவனே கொடுத்தான். வக்கீல், கட்டடத்தைச் சோதிக்கும் இன்ஜினியர் ஒருவரைக் கைகாட்டினார். இன்ஜினியர், புரோக்கரைப் போல ஒரு தங்கமான மனிதரைப் பார்த்ததில்லை என்றார். மூன்று பேரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு நிற்பதுபோல மெக்கானிக்குக்குத் தோன்றியது. இணையத்தில் தேடினார், அங்கே அறிவுரை சொன்னவர்கள் எல்லாருமே கடைசி வரியில் எதையோ விற்றார்கள். பதிவு செய்து வைத்திருந்த அந்த வீடியோ அழைப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். சமையலறை அலமாரியைக்கூடத் திறந்து காட்டியவன் லிஃப்டுக்குள் போனதும், படம் நின்றுவிட்டது. லிஃப்டுக்குள் சிக்னல் வராது என்பது அவருக்குத் தெரியாதா? வாழ்நாளெல்லாம் அதற்குள்ளேயே கிடந்தவர். இருந்தாலும் அதையும் சந்தேகப்பட்டு வைத்தார்.

அப்போதுதான் அது உறைத்தது. கட்டடத்தின் மேல் பாகம் முழுக்கப் பெயின்ட் அடித்து மறைக்கலாம். லிஃப்டுக்கு அடியில் ஆளுயரக் குழி ஒன்று இருக்கும். அதற்கு யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. அடித்தளம் கசிந்தால் தண்ணீர் முதலில் வந்து நிற்பது அங்கேதான். மாதம் ஒரு நாள் சர்வீஸுக்கு வருகிற ஆள் கதவைத் திறக்கும்போது எட்டிப் பார்த்தால் போதும். ஆனால் அது காலை நேரம். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர், மாலை ஷிஃப்ட் பார்க்கும் மாப்பிள்ளை ஒருவர்தான்.

குரல் பதிவு போன பதினோராவது நாள், மன்னிப்பும் கேட்டுவிடும் எண்ணத்தில், தொண்டையைக் கனைத்துக்கொண்டு மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். உதவி வேண்டும் என்றார். "சொல்லுங்க," என்றார் மாப்பிள்ளை. முன்பெல்லாம் அதன் பின்னால் ஒரு 'மாமா' வரும். சர்வீஸ் நாளைக் கண்டுபிடித்து, போய் நின்று, வீடியோவில் கூப்பிடச் சொன்னார். காரணம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் புரோக்கர் காதுக்குப் போய், முந்தின நாளே தண்ணீரை இறைத்துவிட்டால்? மன்னிப்புக் கேட்கக் கூப்பிட்டவர் மறுபடி சந்தேகப்பட்டுவிட்டுத்தான் ஃபோனை வைத்தார்.

அடுத்த வாரம் அழைப்பு வந்தது. அந்த ஊர் மெக்கானிக் லிஃப்டை மேலே நிறுத்திவிட்டு, கீழ்த்தளக் கதவைச் சாவி போட்டுத் திறந்து வைத்திருந்தார். அவருடைய நகக்கண்ணிலும் அதே கறுப்பு. இரண்டு மெக்கானிக்குகளும் தலையசைத்துக்கொண்டார்கள். பிறகு மாப்பிள்ளை குழியருகே குத்துக்காலிட்டு உட்கார, திரை முழுக்க இருட்டானது.

"குழியில தண்ணி நிக்குதா, மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை அந்த ஊர் மெக்கானிக்கிடம் ஏதோ கேட்பது காதில் விழுந்தது. புரோக்கர் மாப்பிள்ளையின் சிநேகிதன். அம்மா பக்கத்தில் வந்துவிட வேண்டும் என்று மகள் துடிக்கிறாள். 'இல்லை' என்ற ஒரு சொல்லில் எல்லாருக்கும் நல்லது. இந்தப் பக்கம் மெக்கானிக்கின் பின்னால், ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி அவர் மனைவி வந்து நின்றாள்.

"நிக்குது மாமா," என்றார் மாப்பிள்ளை. "முழங்கால் அளவுக்கு. மாசாமாசம் இவர்தான் இறைக்கிறாராம், மறுபடியும் ஊறிடுதாம். இந்த வீடு வேண்டாம்."

டார்ச் எரிந்தது. கறுத்த தண்ணீரில் வெளிச்சம் நடுங்க, அதற்குள் தலைகீழாக, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு ஃபோனை நீட்டியபடி மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார்.