இருபத்தேழாம் வீட்டின் வெப்பம்

அக்டோபர் முடிந்து சுற்றுலாக்காரர்கள் போன பிறகு, எங்கள் போமோரியே ஊர்க் கடற்கரையின் அந்த ஐந்து மாடிக் குடியிருப்பில் மிஞ்சுகிற ஒரே ஆள் காவலாளி வெலிச்கோ. அறுபது வயது. முன்பு கப்பல்களில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். மனைவி இறந்து ஏழு வருடம் ஆகிறது. மே மாதம் வரை அறுபத்து நான்கு வீடுகளின் சாவியும் அவரிடம்தான்.

வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளிநாட்டில். சுவரில் பூசணம் பிடிக்காமலும் குழாயில் தண்ணீர் உறையாமலும் இருக்க, குளிர்காலத்தில் வீடுகளுக்குக் கொஞ்சம் சூடு வேண்டும். சென்ற ஆண்டு வெலிச்கோதான் வீடு வீடாகப் போய் மின்சார ரேடியேட்டர்களுக்குப் புது ஸ்விட்சும், சுவரில் வெப்பம் பார்த்துக் கூட்டிக் குறைக்கும் சின்னக் கருவியும் மாட்டினார். ஒயர் கிடையாது, வைஃபை போதும். டப்ளினில் இருப்பவர் போனைத் தொட்டால் இங்கே ரேடியேட்டர் சூடாகும். முன்பெல்லாம் "அந்த ஹீட்டரக் கொஞ்சம் போட்டு விடுங்க" என்று அவரைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது யாருக்கும் அவர் தேவைப்படவில்லை. நவம்பர் முழுக்க அவருடைய போன் நான்கு தடவைதான் அடித்தது. அதில் இரண்டு ராங் நம்பர்.

எல்லா வீடுகளும் எட்டு டிகிரியில் கிடந்தன. மூன்றாம் மாடி இருபத்தேழாம் வீடு மட்டும் மாலை ஆறு மணிக்கு இருபத்திரண்டுக்கு ஏறி, ஒன்பது மணிக்கு இறங்கும். தினமும். ஒருநாள் மாலை குழாய் பார்க்கப் போனபோது கருவியின் பதிவில்தான் இதைக் கவனித்தார். கருவியில் கோளாறு எதுவும் இல்லை. வீட்டுக்காரம்மாவிடம் சொல்லலாமென்று நாற்காலியில் உட்கார்ந்து நம்பரைத் தேடினார். கீழே அவருடைய அறையில் ஜன்னல் இடுக்கெல்லாம் காற்று. இங்கேயோ முதுகு வரை வெதுவெதுப்பு. போனைப் பையில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். மறுநாள் சூப்புச் சட்டியோடு வந்தார். அதற்கடுத்த நாளும்.

டிசம்பரில் ஒரு மாலை, சிகரெட் பிடிக்க பால்கனிக் கதவைத் திறந்தார். இரண்டே நிமிடத்தில் போன் அடித்தது.

"வெலிச்கோ அண்ணே, நான் நெவேனா, இருபத்தேழு. சூடு திடீர்னு எறங்குது, கதவு தெறந்திருக்குன்னு போன்ல காட்டுது. எவனோ திருடன் பூந்துட்டான், ஓடிப் போய்ப் பாருங்க!"

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு வரவில்லை.

"திருடன் இல்லம்மா. நான்தான்."

"நீங்களா? என்ன ரிப்பேரு?"

"ரிப்பேர் ஒண்ணும் இல்ல. பீன்ஸ் சூப்பு சாப்பிட்டுட்டு இருந்தேன்."



"எத்தன நாளா நடக்குது இது?"

"இன்னையோட பதினொண்ணு."

"அடப்பாவி மனுஷா!" என்றவள் சிரித்துவிட்டாள். "அதான் அரை டிகிரி கூடவே காட்டுதா? மாட்டினவனுக்கு வேல தெரியலன்னு உங்களத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்."

"என் வேலயக் கொற சொல்லாதீங்க. அந்த அரை டிகிரி நான்தான்."

கொஞ்சம் தயங்கி, காலி வீட்டை ஏன் சூடாக்குகிறாள் என்று கேட்டார். நெவேனா ஆஸ்திரியாவில் லின்ஸ் நகரத்து முதியோர் இல்லமொன்றில் வேலை பார்த்தாள்.

"இங்க அஞ்சு, அங்க ஆறு மணிக்கு ரூமுக்கு வருவேன். ஏன்னு கேக்க ஒரு ஆள் கெடையாது. அப்போ பட்டன அமுக்குவேன். எங்கயோ ஒரு வீடு எனக்காகச் சூடாகுதுன்னு தோணும். பைத்தியம்னு நெனச்சுக்காதீங்க."

"காலி வீட்டுக்குள்ள நொழஞ்சு தெனமும் 'வந்துட்டேன்'னு சொல்றவன் நான். நான் யாரப் போய்ப் பைத்தியம்னு சொல்ல?"

அதிலிருந்து தினமும் ஆறு மணிக்கு அவள் கூப்பிட்டாள். போனை மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். "இன்னைக்கும் பீன்ஸா? வீடே வாயு புடிச்சுக் கெடக்கும்" என்பாள். சில நாட்கள் பேச்சே இருக்காது. அவளுடைய கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கும். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

பிப்ரவரியில் ஒருநாள் ஆறு மணி ஆகியும் ரேடியேட்டர் சூடாகவில்லை. கோட்டைக் கழற்றாமல் ஏழரை வரை காத்திருந்தார். கூப்பிட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. மறுநாளும் அப்படியே. உடம்புக்கு என்னமோ என்று பயந்துபோனார். மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள்.

"மன்னிச்சிருங்கண்ணே. இங்க ஒருத்தர்... யோசெஃப்னு பேரு, பஸ் ஓட்டுறாரு. இப்போல்லாம் வேல முடிஞ்சு வந்தா வீட்ல ஆள் இருக்கு. பட்டன மறந்தே போயிட்டேன்."

"நல்லதும்மா. ரொம்ப நல்லது." மனதாரத்தான் சொன்னார்.

"நீங்க எப்பவும் போல போங்க. செவுத்துலயே கையால ஏத்திக்கலாமில்ல? கூச்சப்படாதீங்க."

"சரிம்மா."

மறுநாள் போனார். சுவர்க் கருவியை இருபத்திரண்டுக்கு ஏற்றினார். அதே ரேடியேட்டர், அதே சூடு. சட்டியைத் திறந்து இரண்டு கரண்டி சாப்பிட்டார். அதற்குமேல் இறங்கவில்லை. எதிர் நாற்காலியை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து மறுபடி எட்டுக்கு இறக்கிவிட்டு, மேசையைத் துடைத்து, வீட்டைப் பூட்டினார்.

அடுத்த வாரம் பத்தொன்பதாம் வீட்டுக்காரர் டப்ளினிலிருந்து கூப்பிட்டார். அவர் போனுக்கும் ரேடியேட்டருக்கும் இணைப்பு விட்டுப்போயிருந்தது. இரண்டு நிமிட வேலை.

"வந்துடுச்சு, வந்துடுச்சு. நன்றி" என்றார் அவர்.

"அங்க ரொம்பக் குளுருதா?" என்று கேட்டார் வெலிச்கோ.

அந்த மனிதர் அவசரத்தில் இருந்தார் போலிருக்கிறது. அதற்குள் வைத்துவிட்டிருந்தார்.