ஈர முக்காடு

பிடிக்காவிட்டால் ஒரு வருடத்தில் திரும்பி வந்துவிடலாம் என்று சொல்லித்தான் அப்பா என்னை இந்தக் கன்னியர் மடத்தில் விட்டுப் போனார். எனக்கு முதல் வாரமே பிடிக்கவில்லை. வருடம் முடிகிற மார்ட்டின் திருநாளன்று, பூசை ஆனதும் என் அண்ணன் நேரி, ஒரு கழுதையோடு வந்து என்னை அழைத்துப் போவதாகப் பேச்சு.

சாகும்வரை மடத்திலேயே இருப்பதாகக் கடவுளுக்கு வார்த்தைப்பாடு கொடுத்த கன்னியருக்குக் கறுப்பு முக்காடு. என்னைப் போல் இருந்து பார்க்க வந்தவர்களுக்கு வெள்ளை. அன்று விடியற்காலை கிணற்றடியில் வாளி சரிந்து என் தலையும் முக்காடும் நனைந்துவிட்டன. பூசை மணி வேறு அடித்துவிட்டார்கள். வெறுந்தலையோடு பீடத்தின் முன் போக முடியாது.

லாப்பா ஓடி வந்தாள். என் வயதுதான்; ஐந்து வயதில் மடத்தில் விடப்பட்டு, அங்கேயே வார்த்தைப்பாடும் கொடுத்துவிட்டவள். கழுதை எவ்வளவு உயரம் இருக்கும் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவள். அங்கே எனக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான்.

"ஈரத்தோட போனா சளி கட்டிக்கும்டி தெஸ்ஸா. என்னோடது ஒண்ணு காய்ஞ்சு கெடக்கு, போட்டுக்க."

"கறுப்பாச்சே?"

"இந்த இருட்டுல கறுப்பென்ன, வெள்ளையென்ன? வீட்டுக்குப் போற நாளும் அதுவுமா இருமிக்கிட்டே போவியா?"

அவளே என் தலையில் போட்டு ஊசி குத்திவிட்டாள். போனேன். எல்லோரோடும் வரிசையில் நின்று சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கினேன்.

பூசை முடிந்ததும் மடத்துத் தலைவி அம்மா வந்து என் இரு கன்னத்திலும் முத்தமிட்டார். "வாயால சொல்லணும்னு இல்லம்மா. வருஷம் முடியற நாள்ல கறுப்பு போட்டு நன்மை வாங்கினவ, சாகற வரைக்கும் கடவுளுக்கு வார்த்தை குடுத்தவ."

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அந்த அம்மாவுக்கு விளையாட்டு வராது என்பது சிரித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

என்னை அழைக்க வந்த நேரி, விஷயம் தெரிந்ததும் வாசல் கிராதிக் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினான். "என் தங்கச்சிய அனுப்புங்க! துணி மாறிப்போனதுக்கு ஆயுசையா எழுதி வாங்குவீங்க?"

"வேற யாராவது அவ தலைல போட்டிருந்தா அது செல்லாது. போட்டவ வந்து சொல்லட்டும், இப்பவே கதவத் திறந்துடறேன்" என்றார் தலைவி.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "லாப்பாதான் போட்டாம்மா! அவளைக் கேளுங்க!"

லாப்பா வந்தாள். தரையைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாதும்மா. கொடியில காயப் போட்டிருந்தேன். அவளாத்தான் எடுத்திருக்கணும்."

மடத்துச் சுவர்கள் கேட்டிராத வார்த்தைகளால் அவளைத் திட்டினேன். நேரி கிராதியைப் பிடித்து உலுக்கினான். பொழுது சாயும் வரை வாசலில் நின்றுவிட்டு, வெறும் கழுதையை ஓட்டிக்கொண்டு போனான்.

சலவைக்கூடத்தில் அவளைப் பிடித்தேன். "ஏன்டி பொய் சொன்ன? தண்டனைக்குப் பயந்தா?"

"இல்லடி." தேம்பினாள். "நீ போயிட்டா நான் யாருகிட்டடி பேசுவேன்?"

அவளைத் தண்டிக்க என்னிடம் இருந்தது ஒன்றுதான். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். இப்போது இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. ஒரே தொட்டியில் துவைக்கிறோம், ஒரே கொடியில் உலர்த்துகிறோம். சில நாள் அவள் என்னைப் பார்த்து வாயைத் திறப்பாள். நான் துணியைப் பிழிந்துகொண்டே இருப்பேன். அவளுக்கும் பேச ஆளில்லை, எனக்கும் இல்லை.