காட்டுப்பன்றி இடித்த கார்

காரை வாங்க ஆள் வருகிறதென்றால் மனிதன் சந்தோஷமாக அல்லவா இருக்க வேண்டும்? கியோஹாருவோ காலையிலிருந்து வாசலுக்கும் காருக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

விற்றுத்தான் ஆக வேண்டும். மனைவி மிசுவேக்கு ஆறாம் மாதம். பின்சீட்டில் ஒரு பூனைகூடக் கால் நீட்ட முடியாத அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் பிள்ளையை எங்கே உட்காரவைப்பது? விற்பதில் அவனுக்கு வருத்தம்தான், பயமில்லை. பயமெல்லாம் காட்டுப்பன்றியைப் பற்றி.

கல்யாணத்துக்கு முன் கோயிலில் மணியடித்து மிசுவேக்கு ஒரு சத்தியம் செய்து கொடுத்திருந்தான், இனி மலைப்பாதையில் வண்டியை விரட்டமாட்டேன் என்று. கல்யாணமாகி இரண்டே மாதம். ஒரு ஞாயிறு விடியலில் கை அரித்தது. ஏறினான். பெரிய வளைவில் சாலையோர இரும்புத் தடுப்பில் கொண்டுபோய்க் காரின் முகத்தை முட்டினான். வீட்டுக்கு வந்து, காட்டுப்பன்றி குறுக்கே வந்துவிட்டது என்று வாய் கூசாமல் சொன்னான். அவர்கள் குடியிருந்த குன்மா மலையடிவாரத்தில் பன்றி குறுக்கே வருவது அதிசயமா என்ன? பாவி மகள் அப்படியே நம்பினாள். அந்தப் பன்றிக்கு என்ன ஆயிற்றோ என்று இரண்டு நாள் வருத்தப்பட வேறு செய்தாள்.

காரை வாங்க வந்து இறங்கிய அம்மாளைப் பார்த்ததுமே அவன் முகம் சுருங்கியது. உஷியோதா அம்மாள். பழைய கார் ஏலக்கூடத்தில் வாழ்நாளெல்லாம் வண்டிகளின் அடிவயிற்றைப் பார்த்துப் பார்த்தே ஓய்வு பெற்றவள். கையில் டார்ச், குச்சியில் கட்டிய சின்னக் கண்ணாடி, முட்டிக்குக் கீழே போட ஒரு பழைய மெத்தைத்துண்டு.

"விபத்து ஏதாவது உண்டா தம்பி?"

"பெருசா ஒண்ணுமில்லம்மா..."

"ஒரு காட்டுப்பன்னி இடிச்சுதும்மா," என்றாள் மிசுவே, பார்லித் தேநீரை நீட்டியபடி. "பாவம், அவரு மேல தப்பே இல்ல."

"அப்படியா? பன்னியா?" அம்மாள் பானெட்டைத் தூக்கினாள். போல்ட் தலைகளில் டார்ச் அடித்தாள். ஸ்பானர் பட்டுச் சாயம் உரிந்திருந்தது. உள்தகட்டின் ஓரத்தில் பூசியிருந்த பசையை நகத்தால் அழுத்தினாள். கம்பெனியில் பூசியது கல்லாக இருக்கும், இது அமுங்கியது. பிறகு மெத்தைத்துண்டில் மண்டியிட்டு, கண்ணாடியைச் சேசிஸுக்கு அடியில் விட்டாள்.

"தம்பி, பட்டறையில சேசிஸைக் கவ்விப் பிடிச்சு இழுத்து நிமிர்த்தின பல்லுத்தடம் இருக்கே. பன்னி சேசிஸ் வரைக்கும் வந்துச்சா?"

"பெரிய பன்னிம்மா," என்றான் கியோஹாரு.

"பெரிசுதான். சாலைத் தடுப்பு உசரத்துக்குச் சரியா நின்னிருக்கு. மேலெல்லாம் துத்தநாகம் பூசின பன்னி போல."

மிசுவே தட்டைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான், குட்டு உடைந்தது. அவள் கத்துவாள், பெட்டியைக் கட்டுவாள், அம்மா வீட்டுக்குப் போவாள், பிள்ளை அங்கே பிறக்கும் என்று ஒரு நொடியில் எல்லாவற்றையும் கற்பனை செய்து முடித்துவிட்டான். ஆனால் அவள் கத்தவில்லை. "சரிம்மா, அதான் பாத்தாச்சே. தேநீர் ஆறுது, குடிங்க," என்றாள் அவசர அவசரமாக.

"இரும்மா, டிக்கியைப் பாக்காம எப்படி?"

"அங்க ஒண்ணுமில்லம்மா!" என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவன் உண்மையாகத்தான் சொன்னான். அவள் ஏன் சொன்னாள் என்று அவனுக்குப் புரியவில்லை.

அம்மாள் கார்ப்பெட்டைச் சுருட்டி, ஸ்டெப்னியைத் தூக்கி வெளியே வைத்தாள். அதற்கு அடியில் இருந்த தகடு துவைத்துப் பிழிந்த துணியாகச் சுருங்கியிருந்தது. மேலே அழகாகச் சாயம் அடித்திருந்தார்கள்.

"இது எந்தப் பன்னி?"

"ஐயோ, இது நான் இல்ல!" என்று அலறினான் கியோஹாரு. "சாமி சத்தியமா நான் முன்னாடி மட்டும்தான் இடிச்சேன்!"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தான். மிசுவேயின் காது மடல்வரை சிவந்திருந்தது.

"நீயா?"

"போன வருஷம் கம்பெனி வேலையா ஒசாகா போனீங்களே..." என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அப்படி என்னதான் இருக்கு அந்த மலையிலன்னு ஒரு நாள் போய்ப் பாத்தேன். அப்புறம் தினமும் போனேன்."

"யாருடி சரி பண்ணிக் குடுத்தது?"

"பட்டறை கோண்டா அண்ணன்தான். உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு காலைப் பிடிக்காத குறையா கெஞ்சினேன்."

"அடப்பாவி! நானும் அவன்கிட்டதானே கெஞ்சினேன்!"

உஷியோதா அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டார்ச்சைப் பையில் போட்டாள். "கோச்சுக்காதீங்க, எனக்கு வேண்டாம். கடைக்குப் போய்வர்றதுக்கு இந்த வண்டி போதும், ஆனா நான் மலை வளைவுல ஓட்டத்தான் வாங்கறேன்." வாசல்வரை போனவள் நின்றாள். "தம்பி, ஒண்ணு சொல்லட்டுமா? முன்னாடி அடி சேசிஸ் நுனியோட நின்னுடுச்சு. பின்னாடி அடி சக்கரக்கூடு வரைக்கும் ஏறியிருக்கு. உன்னைவிட இவதான் வேகமா வந்திருக்கா."

அம்மாள் போய்விட்டாள். விற்பனையும் போயிற்று. கியோஹாரு கார்ப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தான். பொய் சொன்னதற்கு அவனைத் திட்ட அவளுக்கு வாயில்லை, அவளைத் திட்ட அவனுக்கும் வாயில்லை. ஆனால் அவன் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது அதுவல்ல.

"எந்த வளைவுல?" என்றான்.

"பெரிய வளைவு."

"எந்த கியர்ல போன?"

"மூணு."

இத்தனை வருடத்தில் அந்த வளைவை அவன் ஒரு தடவைகூட இரண்டுக்கு மேல் எடுத்ததில்லை. பொறாமையில் வயிறு எரிந்தது. அக்கம்பக்கம் யாரும் இல்லையே என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு மனைவியைக் கைபிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தான்.

"முட்டறதுக்கு முந்தின நாளெல்லாம் எப்படித் திருப்பின? சொல்லேன்."